மதிலைக் கடைசியில் வரையுங்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். தன் கற்பனை நாவலுக்காகத் திரைமங்கலம் என்ற கடலோர நகரத்தின் படத்தை வரைந்துகொண்டிருக்கிறார். மக்கள்தொகை 40,000. வில், வேல், யானை உள்ள காலம், பீரங்கி கிடையாது. வட்டமான மதில், நான்கு திசைக்கு நான்கு வாசல், நட்டநடுவில் அரண்மனை, ஊரை இரண்டாகப் பிளந்து ஓடும் ஆறு. "எல்லாம் இருக்கிறது, ஆனால் பார்த்தால் பிறந்தநாள் கேக் மாதிரி இருக்கிறது. நம்பும்படி ஆக்க என்ன செய்யலாம்?" என்பது கேள்வி.

நான் புதுச்சேரியில் இருபது வருடத்துக்கும் மேல் நில அளவைப் படங்கள் வரைந்து பிழைத்தவன். கோட்டைகளைச் சுற்றிப் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: முதலில் அந்த மதிலை அழித்துவிடுங்கள். ஆறு, கடல், மேடு, பள்ளம், பாதை எல்லாம் வரைந்து முடித்த பிறகு மதில் எங்கே போக வேண்டும் என்பதை நிலமே காட்டிவிடும்.

பீரங்கி இல்லை என்று சொன்னது நல்லது, பலர் இதைத் தீர்மானிக்காமலே வரைகிறார்கள். பீரங்கி இல்லாத ஊரின் மதில் உயரமாக இருக்கும், ஏணி எட்டக் கூடாது என்பதுதான் கவலை. பீரங்கி வந்த பிறகு உயரமே ஆபத்து. மதில் தாழ்ந்து, தடித்து, மண் நிரப்பி, முனை முனையாக நீட்டிக்கொள்ளும். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய லூயி கோட்டை ஐந்து முனை கொண்ட அந்த வகை. பாரதி பூங்கா இருக்கும் பக்கம்தான் அது நின்றது. அதன் வடிவத்தை நகலெடுக்காதீர்கள், உங்கள் கதைக்கு அது பொருந்தாது. ஆனால் அந்தக் கோட்டையைச் சுற்றி நடந்த சண்டைகளிலிருந்து எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது, ஏனென்றால் உங்கள் திரைமங்கலத்துக்கும் எங்கள் ஊருக்கும் ஒரே மண், ஒரே மழை.

முதலில் கணக்கு. பழைய மதில் நகரங்களில் நெருக்கம் ஹெக்டேருக்கு 100 முதல் 200 பேர் என்று வைத்துக்கொள்ளலாம். 150 என்றால் 40,000 பேருக்கு ஏறக்குறைய 267 ஹெக்டேர், அதாவது 2.67 சதுர கிலோமீட்டர். வட்டமாக அடைத்தால் மதில் 5.8 கிலோமீட்டர். அதே பரப்பைக் கடலோரமாக 4 கிலோமீட்டருக்கு நீட்டி வைத்தால் மதில் 9 கிலோமீட்டரைத் தாண்டும். குறளில் அரண் அதிகாரத்தில் 'சிறுகாப்பிற் பேரிடத்த தாகி' என்று வருவது இதைத்தான்: காக்க வேண்டிய இடம் சிறிதாகவும் உள்ளே இடம் பெரிதாகவும் இருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் உங்கள் வட்டம் சரிதானே என்று தோன்றும். தாளில் சரி. ஆனால் 5.8 கிலோமீட்டரில் இரண்டு மீட்டருக்கு ஒரு ஆள் நிறுத்தினால் ஒரு வேளைக்கு 2,900 பேர், மூன்று வேளைக்கு 8,700 பேர். 40,000 பேர் ஊரில் ஆயுதம் தூக்கக்கூடிய ஆண்கள் பத்தாயிரம் இருந்தாலே அதிகம். எல்லாரையும் மதிலில் ஏற்றிவிட்டால் தீ அணைக்க, கல் சுமக்க, சோறு வடிக்க யார் இருக்கிறார்கள்?

அதனால் எல்லாரையும் உள்ளே வைக்காதீர்கள். 25,000 பேர் உள்ளே, மீதிப் பேர் வெளியே. மீனவர் குப்பம் எப்படியும் மணலில், மதிலுக்கு வெளியேதான் இருக்கும். படகை இழுத்து வைக்க வேண்டுமே. செங்கல் சூளையும் பானைச் சூளையும் நெருப்புக்குப் பயந்து வெளியே. தோல் பதனிடுவது நாற்றத்துக்காக வெளியே, அதுவும் ஆற்றின் கீழ்ப்பக்கம். சுடுகாடு வெளியே. மாட்டுச் சந்தை வாசலை ஒட்டி வெளியே. பிறகு ஒரு பக்கம் 1.3 கிலோமீட்டர் உள்ள ஒரு கோணல் சதுரத்தை எடுங்கள். கிழக்கே கடல், தெற்கே ஆறு. இந்த இரண்டு பக்கத்துக்கும் காவல் கொஞ்சம் போதும். ஆள் நெருக்கமாக நிற்க வேண்டியது வடக்கும் மேற்கும், 2.6 கிலோமீட்டர். ஒரு வேளைக்கு 1,300 பேர். இப்போது மூச்சு விடலாம்.

கடல் பக்கம் காவல் குறைவு என்று சொன்னதும் சந்தேகம் வரலாம். நம் கரையில் அலை அடிக்கும் விதத்தை நினைத்துப் பாருங்கள். இங்கே இயற்கைத் துறைமுகம் கிடையாது. அந்தக் காலத்தில் கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நின்றன, கயிற்றால் தைத்த மசூலாப் படகில்தான் ஆளும் சரக்கும் கரைக்கு வந்தன. கவசம் போட்ட நூறு பேர் அப்படி வந்து இறங்கி, நனைந்த மணலில் வரிசை கட்டும் வரை மதிலில் இருப்பவன் சும்மா இருக்க மாட்டான். 1748-ல் பாஸ்கவன் தலைமையில் புதுச்சேரியைப் பிடிக்க வந்த ஆங்கிலப் படையிடம் பெரிய கப்பல் கூட்டமே இருந்தது. அவர்கள் புதுச்சேரிக் கரையில் இறங்கவில்லை. உங்கள் ஊர்த் தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையில் கூடி, அங்கிருந்து தரை வழியாக வடக்கே நடந்தார்கள்.

அந்த முற்றுகையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், உங்கள் படத்துக்குத் தேவையான பாதி விஷயம் அதிலேயே இருக்கிறது. நடந்து வந்தவர்களை முதலில் மறித்தது புதுச்சேரி மதில் அல்ல. தெற்கே அரியாங்குப்பத்தில் இருந்த ஒரு சின்னக் கோட்டை. அதைப் பிடிப்பதிலேயே பல நாள் போய்விட்டது. கடைசியில் உள்ளே வெடிமருந்து வெடித்த பிறகுதான் காவலர்கள் அதைக் கைவிட்டார்கள். அப்புறம் ஊரை நெருங்கினால் வடமேற்குப் பக்கம் சதுப்பு. பள்ளம் வெட்டி முன்னேற முடியவில்லை. அதற்குள் அக்டோபர் வந்துவிட்டது. வடகிழக்குப் பருவமழை என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். முற்றுகையைக் கலைத்துக்கொண்டு திரும்பிப் போனார்கள். சின்னக் கோட்டை, சதுப்பு, மழை என்ற இந்த மூன்றும் சேர்ந்து ஊரைக் காப்பாற்றின. வருகிற பாதையில், ஊரிலிருந்து இரண்டு மூன்று மைல் தள்ளி, ஆற்றைக் கடக்கும் இடத்தில் உங்கள் படத்திலும் ஒரு சின்ன அரண் வையுங்கள். மேற்கே ஒரு சதுப்பு. அது இயற்கையாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஏரி மதகைத் திறந்துவிட்டால் வயல் எல்லாம் சதுப்புதான்.

மழையைச் சொன்னால் கோடையையும் சொல்ல வேண்டும். ஐரோப்பியக் கோட்டைப் படங்களைப் பார்த்து வரைகிறவர்கள் அகழியில் ஆண்டு முழுக்க நீலநிறத் தண்ணீர் ஊற்றிவிடுகிறார்கள். மே மாதத்தில் உங்கள் ஊர்க் கெடிலம் ஆற்றைப் போய்ப் பாருங்கள். கரைக்குக் கரை மணல், நடுவில் ஒரு நூல் தண்ணீர். உங்கள் தெற்கு எல்லை ஆறும் சித்திரை, வைகாசியில் அப்படித்தான் ஆகும். அந்த மாதங்களில் எதிரி வந்தால் ஆறு அவனுக்கு அகலமான சாலை. ஆகவே ஆற்றுப் பக்கத்திலும் மதில் வேண்டும், காவல் மட்டும் மாதத்துக்கு மாதம் மாறும். கதைக்கும் இது உதவும்: ஆறு வற்றுவதற்குக் காத்திருக்கும் எதிரி, அதற்குள் அறுவடையை உள்ளே கொண்டுவரத் தவிக்கும் ஊர். வேலூர்க் கோட்டையில் தண்ணீர் நிற்கும் பெரிய அகழியைப் பார்த்திருப்பீர்கள். அப்படி வேண்டுமானால் அதற்குத் தண்ணீர் எந்த ஏரியிலிருந்து, எந்த வாய்க்காலில் வருகிறது என்று படத்தில் காட்டுங்கள். இல்லையா, உலர்ந்த அகழி போதும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பதினைந்து மீட்டர் அகலம், நான்கு மீட்டர் ஆழம் உள்ள உலர்ந்த பள்ளத்தில் ஏணியைத் தூக்கிக்கொண்டு இறங்கி ஏறுவது லேசு இல்லை.

ஆறு ஊருக்கு நடுவே ஓடுவதை மட்டும் விட்டுவிடுங்கள். நுழையும் இடம், வெளியேறும் இடம் இரண்டும் மதிலில் ஓட்டை. கம்பிக் கதவு போட்டால் வெள்ளத்தில் வரும் மரமும் செடியும் அடைத்துக்கொண்டு ஊரே முழுகும்.

முழுகுவது என்றதும் ஞாபகம் வருகிறது. நான் முதன்முதலில் வரைந்த கற்பனைக் கோட்டையில் ஒரு வடிகால் கூட இல்லை. என்னோடு வேலை பார்த்த மூத்த வரைவாளர் ஒருவர் பார்த்துவிட்டு, "இது கோட்டையா, தண்ணீர்த் தொட்டியா?" என்று கேட்டார். தட்டையான கடற்கரையில் மதில் கட்டினால் அது அணை மாதிரி நின்றுவிடும். ஐப்பசியில் ஒரே இரவில் கொட்டும் மழை வெளியே போக அடியில் தூம்புகள் வேண்டும், சரிவு பார்த்துத் தென்கிழக்கில் இரண்டு மூன்று. ஒரு ஆள் ஊர்ந்து போக முடியாத அளவுக்குச் சின்னதாக, அல்லது ஒரு மெலிந்த பையன் மட்டும் போகக்கூடிய அளவுக்கு. எது வேண்டும் என்று நாவலாசிரியர் நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

அடுத்தது யாருடைய படத்திலும் நான் பார்க்காத ஒன்று: முள். சங்கத் தமிழில் அரணைச் சொல்லும்போது மதில், அகழி என்பதோடு மிளை என்று ஒரு சொல் வரும். மதிலுக்கு வெளியே வேண்டுமென்றே வளர்த்த காவற்காடு அது. பழங்காலக் கதை என்று நினைக்க வேண்டாம். 18-ஆம் நூற்றாண்டில் பீரங்கியும் துப்பாக்கியும் இருந்த புதுச்சேரியைச் சுற்றிலும், மதிலிலிருந்து நன்றாகத் தள்ளி, ஒரு பெரிய முள்வேலி வளையம் இருந்தது. கற்றாழையும் முட்செடிகளும் நெருக்கமாக வளர்ந்து, இடையிடையே பனையும் தென்னையும் நின்றன. குதிரைப்படை அதை ஊடுருவ முடியாது, காலாள் நுழைவதும் கடினம். பாதைகள் வேலியைக் கடக்கும் இடங்களில் மட்டும் சின்னக் காவல் அரண்கள். செலவு என்று பார்த்தால் மதிலோடு ஒப்பிடவே முடியாது, அதுவாக வளர்கிறது. வேலிக்கும் மதிலுக்கும் இடையே வயல், தோப்பு, மேய்ச்சல் எல்லாம் பாதுகாப்பாகக் கிடைக்கும். உங்கள் படத்தில் பச்சை மையில் ஒரு ஒழுங்கில்லாத வளையம் போடுங்கள், ஊரிலிருந்து ஒரு மைல் தள்ளி. கேக் வடிவம் அங்கேயே கலைந்துவிடும்.

முள் வளராத பாறை நிலம் என்றால் கல் நடலாம். 1443-ல் விஜயநகரத்துக்கு வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக், வெளி மதிலுக்கு முன்னால் ஆள் உயரக் கற்களை நெருக்கமாக நட்டு வைத்திருந்ததையும், முதல் சில மதில்களுக்கு இடையே வயலும் தோட்டமும் இருந்ததையும் பார்த்து எழுதியிருக்கிறார். குதிரை அந்தக் கற்களுக்கு நடுவே ஓட முடியாது, அவ்வளவுதான் நோக்கம்.

ஆனால் மதிலை ஒட்டி, அகழிக்கு வெளியே ஒரு 200 மீட்டர் வெறும் தரையாக இருக்க வேண்டும். மரம், குடிசை, வைக்கோல் போர் எதுவும் கூடாது, எதிரி ஒளிய இடம் கொடுக்கக் கூடாது. உங்கள் ஊரில் 1690-ல் ஆங்கிலேயர்கள் தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடமிருந்து வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டுக் குண்டு போய் விழும் தூரம் வரை உள்ள கிராமங்கள் எல்லாம் அவர்களுக்கு என்பது பேச்சு. குண்டு கிராமங்கள் என்ற பெயர் அப்படி வந்ததுதான். கோட்டையின் எல்லை சுவரோடு முடியாது, அதன் ஆயுதம் எட்டும் இடத்தில்தான் முடியும். உங்கள் திரைமங்கலத்துக்கு அது அம்பு எட்டும் தூரம். பத்து வருடம் சண்டை இல்லாமல் போனால் அந்த வெறும் தரையில் டீக்கடை மாதிரி ஏதாவது முளைக்காமல் இருக்காது. யார் அனுமதித்தது, யார் இடிப்பது, யார் அழுவது என்று கதைக்குள் ஒரு அத்தியாயமே கிடைக்கும்.

வாசல்களுக்கு வருவோம். நான்கு திசைக்கு நான்கு என்பது கோவில் கோபுரத்துக்கு அழகு. ஊருக்கு வாசல் பாதையால் வருகிறது. புதுச்சேரி மதிலின் தரைப்பக்க வாசல்களுக்கு சென்னை வாசல், வழுதாவூர் வாசல், வில்லியனூர் வாசல், கடலூர் வாசல் என்று பெயர்கள். எந்த ஊருக்குப் போகிறதோ அந்த ஊர்ப் பெயர். திரைமங்கலத்துக்கும் அப்படிச் செய்யுங்கள். வெளியே இருக்கும் நான்கைந்து ஊர்களின் பெயர் தானாக உருவாகிவிடும், வாசகனுக்கு உலகம் பெரிதாகிவிடும். வாசல் கூடக்கூடக் காவலும் கூடும் என்பதால் தரைப்பக்கம் மூன்று போதும், கடலுக்கு ஒன்று.

ஒவ்வொரு வாசலும் ஒரு சின்னக் கோட்டை மாதிரி. நேராக உள்ளே போக முடியக் கூடாது. வெளிக் கதவைத் தாண்டியதும் ஒரு முற்றம், அங்கே வலப்பக்கம் திரும்பினால்தான் உள் கதவு. செஞ்சியில் இப்படி வளைந்து வளைந்து போகும் வழியை நடந்தே பார்க்கலாம். திரும்ப வைப்பதில் இரண்டு லாபம்: யானை ஓடிவந்து முட்ட நீளமான இடம் கிடைக்காது, முற்றத்தில் சிக்கியவன் மேல் நான்கு பக்கமும் கல் விழும். கதவில் இரும்பு முள் பதித்தது யானையின் நெற்றிக்காக. பெரிய கதவுக்குள்ளேயே ஒரு திட்டிவாசல் இருக்கட்டும், ராத்திரியில் ஒரு ஆளை உள்ளே விடப் பெரிய கதவைத் திறக்க மாட்டார்கள்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. போர் வருவது தலைமுறைக்கு ஒரு முறை. சுங்கம் வசூலிப்பது தினமும். வாசலில் ஈட்டிக்காரனை விடக் கணக்குப்பிள்ளை முக்கியமானவர். வண்டி நிற்க இடம், மாடு தண்ணீர் குடிக்கத் தொட்டி, தராசு மண்டபம், வரிசையில் நிற்பவனுக்கு இட்லி விற்கிற பாட்டி, இரவு கதவு மூடியபின் வருபவனுக்கு வெளியே ஒரு சத்திரம். வாசலுக்கு வெளியே சாலை புனல் மாதிரி விரிந்து சந்தைத் திடலாக வேண்டும்.

மதிலின் உடம்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எட்டு மீட்டர் உயரம், இரண்டரை மீட்டர் தடிமன், மேலே நடைபாதை. நாற்பது ஐம்பது மீட்டருக்கு ஒரு கொத்தளம் வெளியே துருத்திக்கொண்டு நிற்க வேண்டும், அங்கிருந்து மதிலின் அடியில் நிற்பவனைப் பக்கவாட்டில் அடிக்கலாம். கான்ஸ்டான்டிநோபிளில் 5-ஆம் நூற்றாண்டில் கட்டிய தரைப்பக்க மதில் ஏறக்குறைய 6 கிலோமீட்டர். அதன் உள்மதிலில் மட்டும் 96 கொத்தளங்கள். 1453-ல் பீரங்கி வரும் வரை அதை நேராக உடைத்தவர் இல்லை. உங்கள் ஊரின் கடல் பக்கத்தில் கொத்தளம் நூறு மீட்டருக்கு ஒன்று போதும். உள்பக்கம் மதிலை ஒட்டி ஒரு தெரு அகலத்துக்கு இடம் விடுங்கள், ஆள் ஓட வேண்டும்.

எதனால் கட்டினார்கள் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. செஞ்சிக்காரர்களுக்கு மலையே கல். மூன்று மலைகளைச் சுமார் 13 கிலோமீட்டர் மதிலால் இணைத்தார்கள். ஔரங்கசீப்பின் படைக்கு அதைப் பிடிக்க 1690 முதல் 1698 வரை ஆயிற்று. கடற்கரையில் கல் கிடையாது. செங்கல், கிளிஞ்சல் சுண்ணாம்பு. நான்கு பக்கமும் சேர்த்து 5.2 கிலோமீட்டர் மதிலுக்கு, மேலே சொன்ன உயரம், தடிமன் அளவில் ஒரு லட்சம் கன மீட்டர் கட்டுமானம். அத்தனைக்கும் செங்கல் என்றால் சூளைக்கு எரித்த விறகை நினைத்துப் பாருங்கள். நடைமுறையில் வெளித் தோலும் உள் தோலும் செங்கல், நடுவில் அகழியில் தோண்டிய மண். மண் எடுத்த பள்ளங்களை ஊருக்குள் குளங்களாகக் காட்டுங்கள்.

அரண்மனையை நடுவிலிருந்து நகர்த்துங்கள். அரசனுக்கு வெளியே இருக்கும் எதிரியிடம் மட்டும் பயம் இல்லை, சொந்த ஊர் மக்களிடமும் உண்டு. லண்டன் கோபுரக் கோட்டை பழைய நகர மதிலின் தென்கிழக்கு மூலையில், ஆற்றை ஒட்டி நிற்கிறது. தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 1620-ல் தொடங்கிய கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. மூலையில் இருந்தால் ஊர் விழுந்தாலும் படகில் தப்பலாம், உதவியும் வரலாம். உங்களுக்குத் தென்கிழக்கு, ஆறும் கடலும் சேரும் முகத்துவாரம் பொருத்தம். நடுவில் வேண்டுமானால் கோவிலை வையுங்கள். உயர்ந்த கருங்கல் மதில், உள்ளே குளம், தானியம் வைக்க மண்டபம் என்று அது தயாரான இரண்டாவது கோட்டை. சிதம்பரம் கோவிலை 18-ஆம் நூற்றாண்டுச் சண்டைகளில் அப்படித்தான் பயன்படுத்தினார்கள். 1781-ல் ஆங்கிலத் தளபதி அயர் கூட் அதைத் தாக்கிப் பிடிக்க முடியாமல் பின்வாங்கினார்.

அதே கூட்தான் இருபது வருடம் முன்பு புதுச்சேரியைப் பிடித்தவர். மதிலை உடைத்துக்கொண்டு அல்ல, பட்டினி போட்டு. 1760 கடைசியில் உணவு குறைந்தபோது, பிரெஞ்சுத் தளபதி லாலி ஊருக்குள் இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ் மக்களை வெளியே துரத்தினார். முற்றுகையிட்டவர்களும் உடனே வழிவிடவில்லை. மதிலுக்கும் முள்வேலிக்கும் நடுவே பல நாள் கிடந்தார்கள் அந்த மக்கள். 1761 ஜனவரி 1-ஆம் தேதி அடித்த புயல் முற்றுகைக் கப்பல்களைச் சிதறடித்தது (2011-ல் தானே புயலும் ஆண்டின் கடைசியில், டிசம்பர் 30-ல்தான் கரை கடந்தது). அதுவும் ஊரைக் காப்பாற்றவில்லை. அந்த மாத நடுவிலேயே சரணடைந்தது. அதனால் மதிலை வரைந்த பிறகு உள்ளே களஞ்சியம் எத்தனை, கிணறு எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். தெருவுக்கு ஒரு கிணறு, பேட்டைக்கு ஒரு குளம், ஒன்றுக்கொன்று தள்ளி இரண்டு களஞ்சியம், ஒன்று எரிந்தாலும் மற்றொன்று இருக்க.

சரி, எல்லாம் வரைந்தாகிவிட்டது, இன்னும் புதுசாகவே தெரிகிறது என்றால் ஒரு பழைய மதிலைச் சேருங்கள். ஊர் இருநூறு வருடம் முன்பு சின்னதாக இருந்தபோது போட்டது, இப்போது இல்லை. புதுச்சேரியில் ஆங்கிலேயர்கள் 1761-ல் மதிலை இடித்தார்கள், பிறகு மறுபடி கட்டியதையும் இடித்தார்கள். இன்றைக்கு ஒரு கல் கூடக் கண்ணில் படாது. ஆனால் படத்தை எடுத்துப் பாருங்கள்: அண்ணா சாலை, சுப்பையா சாலை, பட்டேல் சாலை, கடற்கரைச் சாலை சேர்ந்து ஒரு முட்டை வடிவம். மதில் போன தடம் அது. உள்ளே தெருக்கள் கட்டம் கட்டமாக நேராக ஓடும், அந்தச் சாலைகளைத் தாண்டியதும் கோணல்மாணல். திரைமங்கலத்தின் நடுவில் ஒரு தெரு மட்டும் காரணமில்லாமல் வளைந்து போகட்டும். அதற்கு அகழித்தெரு என்று பெயர் எழுதுங்கள், அகழி எங்கே என்று காட்ட வேண்டாம். அந்தத் தெருவின் வீடுகளில் மட்டும் மழைக்காலத்தில் தரையில் ஈரம் ஊறும்.